எதிர்காலத்தை விற்ற பாடலாசிரியர்

ஒரு பாடல் பிறந்து ஊர்வாயில் புகுந்துவிட்டால் அது பொதுச்சொத்தைப் போலாகிவிடுகிறது. தொட்டிலை ஆட்டும் தாயோ, நாற்று நடும் பெண்களோ, நெடுந்தொலைவு வண்டி ஓட்டும் ஓட்டுநரோ பாடலை எழுதியவரிடம் அனுமதி கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. ஆனால், அதே பாடலை அச்சிட்டு விற்பவரும், மேடையேற்றிக் கட்டணம் வசூலிப்பவரும், உணவகத்தில் ஒலிக்கவிட்டு வாடிக்கையாளரை ஈர்ப்பவரும் பொருள் ஈட்டும்போது, அதை எழுதியவருக்கு உரிய பங்கு எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது.

இந்தக் கேள்விக்குச் சட்டம் தெளிவான விடை காண்பதற்கு முன்பே, பாடலையே தொழிலாக நம்பி வாழ்ந்து, அதன் விளைவுகள் அனைத்தையும் தன் வாழ்வில் அனுபவித்தவர் ஒருவர் உண்டு. அவர் அமெரிக்கரான ஸ்டீபன் காலின்ஸ் ஃபாஸ்டர். பாடல், மெட்டு இரண்டையும் பெரும்பாலும் தாமே அமைத்தவர். வேறு தொழிலின் துணையின்றிப் பாடல் எழுதியே குடும்பம் நடத்த முயன்ற முதல் அமெரிக்கர் என்று இசை வரலாற்றாளர்கள் அவரைக் கருதுகின்றனர். அவரது வரவு செலவுக் கணக்குகள் இன்றும் எஞ்சியிருப்பதால், 19-ஆம் நூற்றாண்டுப் பாடலாசிரியர் ஒருவரின் வருமானத்தைத் துல்லியமாக அறிய முடிகிறது.

பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய லாரன்ஸ்வில் என்னும் இடத்தில் 1826 ஜூலை 4 அன்று ஃபாஸ்டர் பிறந்தார். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் பொன்விழா நாள் அது. தந்தை வணிகத்திலும் அரசியலிலும் ஈடுபட்டவர். ஒருகாலத்தில் செழிப்பாக இருந்த குடும்பம், ஃபாஸ்டரின் குழந்தைப் பருவத்திலேயே கடன் சுமையால் சொந்த வீட்டை இழந்தது. எஞ்சிய பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. கல்லூரியில் சேர்ந்தவர் சில நாள்களிலேயே வெளியேறிவிட்டார். பிட்ஸ்பர்கில் வாழ்ந்த ஹென்றி கிளேபர் என்ற ஜெர்மானிய இசைக்கலைஞரிடம் அவர் இசை பயின்றார்.

பாடல் எழுதுவது ஒரு தொழில் என்று அன்று எவரும் கருதவில்லை. ஆகவே, 1846-இல் குடும்பத்தினர் அவரைச் சின்சினாட்டி நகருக்கு அனுப்பினர். அங்கு அவருடைய அண்ணன் டன்னிங் பங்குதாரராக இருந்த நீராவிக் கப்பல் நிறுவனத்தில் கணக்கராக அமர்ந்தார். பகலில் சரக்குக் கணக்கு. ஓய்வு நேரத்தில் பாடல் என்று நாள்கள் கழிந்தன. பிற்காலத்தில் தம் பாடல்களின் வரவை அவர் காசு பிசகாமல் எழுதி வைத்ததற்கு இந்தக் கணக்கர் பயிற்சியே காரணமாக இருக்கலாம்.

அந்தக் காலத்தில்தான் 'ஓ! சுசானா' பிறந்தது. 1847 செப்டம்பரில் பிட்ஸ்பர்கில் உள்ள ஒரு பனிக்கூழ் விடுதியின் மேடையில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. 1848-இல் அச்சேறியது. அடுத்த ஆண்டு கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிச் சென்ற ஆயிரக்கணக்கானோர் அதை வழிநடைப் பாட்டாகவே ஆக்கிக்கொண்டனர். சில ஆண்டுகளில் வெவ்வேறு பதிப்பாளர்கள் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகளாக அதை அச்சிட்டு விற்றனர். அவர்களில் பெரும்பாலோர் ஃபாஸ்டருக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. அந்தப் பாடலுக்காக அவர் பெற்றது மொத்தம் 100 டாலர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதை வெளியிட்டவர்கள் ஈட்டியதோ அதைப் போலப் பன்மடங்கு.

இது எப்படி நிகழ்ந்தது? அமெரிக்காவில் இசைப் படைப்புக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு 1831-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே வெளிப்படையாகக் கிடைத்தது. பாடலை வெளியிடுவதற்கு முன்பே அதன் தலைப்பை மாவட்ட நீதிமன்ற அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் உரிமை கிட்டும். ஃபாஸ்டரோ தம் கையெழுத்துப் படிகளை நாடகக் குழுக்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் தாராளமாகக் கொடுத்தார். பாடலைக் கேட்டவர்கள் நினைவிலிருந்து அதை எழுதி, பதிப்பகத்தில் கொடுத்தனர். முந்திக்கொண்டவர் பதிவும் செய்துகொண்டார். எழுதியவர் ஓரிடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருக்க, உரிமையாளர்கள் வேறிடங்களில் முளைத்தனர்.

அந்த இழப்பிலும் ஒரு பயன் விளைந்தது. தம் பாடலுக்குச் சந்தை உண்டு என்று ஃபாஸ்டர் உணர்ந்தார். 1849-இல் நியூயார்க்கின் ஃபர்த், பாண்ட் நிறுவனத்துடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். வெளியீட்டுச் செலவு கழிந்த பின், விற்கும் ஒவ்வொரு படிக்கும் இரண்டு சென்ட் அவருக்கு என்பது அதன் சாரம். பால்டிமோர் நகரின் பென்டீன் பதிப்பகத்துடனும் அவருக்குத் தொடர்பு இருந்தது. பெரும்பாலான பாடலாசிரியர்கள் ஒரே தொகையாகச் சில டாலர்களைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கிவிடும் காலத்தில், விற்பனைக்கேற்ப உரிமைத்தொகை என்பது பெரிய முன்னேற்றம். கணக்கர் வேலையை விட்டுவிட்டு அவர் பிட்ஸ்பர்குக்குத் திரும்பினார்.

1850-இல் மருத்துவர் ஒருவரின் மகளான ஜேன் மெக்டவலை மணந்தார். அடுத்த ஆண்டு மகள் மேரியன் பிறந்தாள். அதன் பின் சில ஆண்டுகள் ஃபாஸ்டரின் வாழ்வில் விளைச்சல் மிகுந்தவை. 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்', 'மை ஓல்ட் கென்டக்கி ஹோம்', 'ஓல்ட் டாக் ட்ரே', 'ஜீனி வித் தி லைட் பிரவுன் ஹேர்' ஆகிய பாடல்கள் 1851-க்கும் 1854-க்கும் இடையே வெளிவந்தவை. ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலம் அது. வசதி படைத்த வீட்டுக் கூடங்களில் பியானோ இருந்தது. பாடலும் சுரக்குறிப்பும் அச்சிட்ட இசைத்தாளை வாங்கி வந்து வீட்டினரே வாசித்துப் பாடினர். பெரும்பாலான பாடல்கள் சில ஆயிரம் படிகள் விற்றாலே வெற்றி எனக் கருதப்பட்ட நாளில், 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' ஒரு லட்சத்தைத் தாண்டி விற்றது.

ஆனால், அந்தப் பாடலின் முகப்பில் ஃபாஸ்டரின் பெயர் இல்லை. எட்வின் கிறிஸ்டி என்பவரின் பெயர் இருந்தது. கிறிஸ்டி அன்றைய புகழ்பெற்ற மேடைக்குழு ஒன்றின் தலைவர். ஃபாஸ்டரின் புதிய பாடல்களை அச்சேறும் முன்பே தம் குழு பாடுவதற்காக அவர் பாடலுக்குச் சில டாலர் கொடுத்து வந்தார். 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' பாடலுக்குப் 15 டாலர் கொடுத்து, எழுதியவர் என்று தம் பெயரையே போட்டுக்கொள்ளும் உரிமையையும் பெற்றார். மேடைப் பாடல்கள் எழுதுபவர் என்ற அடையாளம் தம் மதிப்பைக் குறைக்கும் என்று அப்போது ஃபாஸ்டர் தயங்கியதே அவர் இதற்கு இணங்கக் காரணம். பாடல் நாடெங்கும் பரவியதும், 1852-இல் பெயரைத் திருப்பித் தருமாறு கிறிஸ்டிக்குக் கடிதம் எழுதினார். அது நடக்கவில்லை. உரிமைத்தொகை ஃபாஸ்டருக்கு வந்துகொண்டிருந்தது. பெயர் மட்டும் அவர் உயிரோடு இருந்தவரை திரும்பவில்லை.

கிறிஸ்டியின் குழுவைப் பற்றிச் சொல்லும்போது மறைக்கக் கூடாத ஓர் உண்மை உண்டு. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களை ஏளனம் செய்து ஆடிப் பாடிய மேடைகள் அவை. ஃபாஸ்டரின் தொடக்ககாலப் பாடல்களில் அந்த ஏளனமும் கொச்சையும் இருந்தன. பின்னாளில் அவர் அந்தக் கொச்சை நடையைக் கைவிட்டு, துயருறும் மனிதர்களாக அவர்களைக் காட்டும் பாடல்களை எழுத முற்பட்டார். எனினும் அந்தக் கறை முற்றாக நீங்கவில்லை. 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' பாடலும் 'மை ஓல்ட் கென்டக்கி ஹோம்' பாடலும் இன்று முறையே புளோரிடா, கென்டக்கி மாநிலங்களின் அதிகாரபூர்வப் பாடல்கள். இரண்டிலும் சொற்கள் திருத்தப்பட்டே பாடப்படுகின்றன. பாடலாசிரியருக்குக் கிடைக்காத நியாயத்தைப் பேசும்போது, எந்த மக்களின் இசையை அந்த மேடைகள் எடுத்தாண்டனவோ அவர்களுக்கு ஒரு சென்ட்டும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இனி அவருடைய கணக்கைப் பார்ப்போம். 1857-இன் தொடக்கத்தில், தம் பாடல்கள் அதுவரை ஈட்டித் தந்தவற்றை ஃபாஸ்டர் ஒரு பட்டியலாக எழுதினார். 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' 1,647 டாலர் 46 சென்ட். 'மை ஓல்ட் கென்டக்கி ஹோம்' 1,372 டாலர் 6 சென்ட். 'ஓல்ட் டாக் ட்ரே' 1,080 டாலர் 25 சென்ட். 'ஜீனி வித் தி லைட் பிரவுன் ஹேர்' 217 டாலர் 80 சென்ட் மட்டுமே. ஃபர்த், பாண்ட் நிறுவனத்திடமிருந்து கிடைத்த மொத்தம் 9,400 டாலரைத் தாண்டியிருந்தது. சராசரியாகப் பார்த்தால் அது ஒரு குடும்பம் கௌரவமாக வாழப் போதுமான வருமானமே. ஃபாஸ்டர் தொடக்கம் முதலே பட்டினி கிடந்தவர் என்ற கதையை இந்தப் பட்டியல் மறுக்கிறது.

இடர் வேறிடத்தில் இருந்தது. உரிமைத்தொகை சீராக வரவில்லை. செலவோ சீராக இருந்தது. புதிய பாடல்கள் குறைந்த ஆண்டுகளில் முன்பணம் வாங்கினார். வருவதற்கு முன்பே செலவான பணம் பதிப்பகத்தின் பேரேட்டில் கடனாக ஏறியது. 1855-இல் தாயும் தந்தையும் அடுத்தடுத்து மறைந்தனர். மனைவியுடனான வாழ்விலும் விரிசல் விழுந்தது, குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. கைப்பணம் தேவைப்பட்ட அந்த வேளையில் அவர் ஒரு முடிவெடுத்தார்.

அந்தப் பட்டியலை அவர் எழுதியதே விற்பதற்காகத்தான். ஒவ்வொரு பாடலும் இனி எவ்வளவு ஈட்டும் என்று தாமே மதிப்பிட்டார். மொத்தமாக 2,800 டாலர் அளவில் வரும் என்று கணித்தார். அந்த எதிர்கால வருவாய் முழுவதையும் ஏறத்தாழ 1,900 டாலருக்குப் பதிப்பாளர்களிடம் விற்றுவிட்டார். 1860-இல் அதன் பின் எழுதியவற்றின் உரிமைகளையும் அவ்வாறே விற்றார். முன்பணக் கடன் கழிந்த பின் கையில் தங்கியது சொற்பமே.

இந்த விற்பனையை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அவர் கணக்குத் தெரிந்தவர். தம் மதிப்பீட்டைக் கடந்தகால விற்பனையை வைத்தே போட்டார். இசைத்தாளின் விற்பனை சில ஆண்டுகளில் தணிந்துவிடும் என்பது அன்றைய அனுபவம். அவர் கணிக்க முடியாதது, எவராலும் கணிக்க முடியாதது, ஒரு பாடல் எத்தனை தலைமுறை வாழும் என்பதுதான். பாடலின் மதிப்பு அதை எழுதிய நாளில் தெரிவதில்லை, எழுதியவருக்கும் தெரிவதில்லை. பணத் தேவையில் இருப்பவர் அந்த மதிப்பைக் குறைத்தே போடுவார். வாங்குபவரோ காத்திருக்கும் வசதி உடையவர். பேரம் சமநிலையில் நடப்பதே இல்லை.

அன்றைய சட்டம் அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு கதவுதான்: அச்சிட்ட தாளின் விற்பனை. கிறிஸ்டியின் குழுவைப் போல நூற்றுக்கணக்கான குழுக்கள் அவர் பாடல்களைப் பாடி நுழைவுக் கட்டணம் வசூலித்தன. தாள் ஒருமுறை வெளிவந்துவிட்டால், அதை மேடையில் பாடுவதற்கு எவரும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பதிப்பாளர்கள் அவர் பாடல்களைத் தாராளமாக அச்சிட்டனர்; இரு நாடுகளுக்கும் இடையே பதிப்புரிமை உடன்பாடு இல்லாததால் அங்கிருந்தும் வரவில்லை. அமெரிக்கா அயல்நாட்டுப் படைப்பாளிகளின் உரிமையை ஏற்றதே 1891-இல்தான்.

அதே வேளையில் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் வேறொரு கதை நிகழ்ந்துகொண்டிருந்தது. 1847-இல், 'ஓ! சுசானா' முதலில் பாடப்பட்ட அதே ஆண்டில், பாரிஸ் நகரின் உணவகம் ஒன்றில் எர்னெஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர் அமர்ந்திருந்தார். அங்கே அவர் பாடல் அவர் அனுமதியின்றி இசைக்கப்பட்டது. தம் பாடலுக்கு உணவகம் பணம் தராதபோது, தாம் அருந்திய பானத்துக்கு மட்டும் ஏன் பணம் தர வேண்டும் என்ற நியாயத்தை முன்வைத்து அவர் கட்டணம் செலுத்த மறுத்தார். வழக்கு நீதிமன்றம் சென்றது. தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 1851-இல் 'சாசெம்' என்ற சங்கம் உருவானது. உணவகங்கள், மேடைகள் ஆகியவற்றில் பாடல் ஒலிக்கும்போது கட்டணம் பெற்று, உறுப்பினர்களான பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் பகிர்ந்தளிப்பது அதன் பணி. 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' வெளிவந்ததும் அதே 1851-இல்தான் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு திறமையில் இல்லை. பூர்ஜே வாழ்ந்த நாட்டில் பொதுவெளியில் இசைக்கும் உரிமையைச் சட்டம் படைப்பாளிக்கு அளித்திருந்தது. அதைக் கேட்டுப் பெற அவர் பிறரோடு கைகோத்தார். ஃபாஸ்டருக்கு அந்தச் சட்டமும் இல்லை. துணை நிற்கச் சங்கமும் இல்லை. எங்கோ ஓர் ஊரில் எந்தக் குழு தம் பாடலைப் பாடுகிறது என்று அறியத் தனிமனிதர் ஒருவரால் இயலாது. அறிந்தாலும் வசூலிக்க இயலாது.

1860-இல் ஃபாஸ்டர் குடும்பத்தோடு நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. ஜேன் மகளுடன் பென்சில்வேனியாவுக்குத் திரும்பி, கிரீன்ஸ்பர்க் என்ற ஊரில் தந்தி இயக்குபவராக வேலைக்குச் சேர்ந்தார். நியூயார்க்கில் தனித்து விடப்பட்ட ஃபாஸ்டர், ஜார்ஜ் கூப்பர் என்ற இளம் கவிஞரோடு சேர்ந்து ஓயாமல் எழுதினார். 1863-ஆம் ஆண்டில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள் வெளிவந்தன. ஆனால், இப்போது உரிமைத்தொகை ஒப்பந்தம் எதுவும் இல்லை. எழுதிய பாடலை அன்றே கொண்டுபோய், கிடைத்த விலைக்குக் கொடுத்து, அந்தப் பணத்தில் அன்றைய பொழுதைக் கழிக்கும் நிலை. அவசரத்தில் எழுதிய பாடல்களில் பல நிலைக்கவும் இல்லை.

1864 ஜனவரியில், பவரி என்ற பகுதியில் இருந்த மலிவான விடுதியில் காய்ச்சலுடன் கிடந்த அவர், எழ முயன்றபோது விழுந்து கழுத்தில் ஆழமாகக் காயமுற்றார். கூப்பர் வந்து பார்த்து, பெல்வியூ மருத்துவமனையில் சேர்த்தார். ஜனவரி 13 அன்று அங்கேயே ஃபாஸ்டர் காலமானார். வயது 37. அவருடைய பணப்பையில் 38 சென்ட்டும், பென்சிலால் சில சொற்கள் எழுதப்பட்ட ஒரு துண்டுத் தாளும் இருந்தன. உடல் பிட்ஸ்பர்குக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அலெகனி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. உலகம் இன்றும் பாடும் 'பியூட்டிஃபுல் டிரீமர்' அவர் மறைந்த பிறகே அச்சில் வந்தது.

கணக்கு அத்தோடு முடியவில்லை. 1831-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிப்புரிமை 28 ஆண்டுகளுக்கு. அதன் பின் 14 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். எழுதியவர் இறந்துவிட்டால், புதுப்பிக்கும் உரிமை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. ஃபாஸ்டர் விற்றது முதல் 28 ஆண்டுகளைத்தான். அடுத்த 14 ஆண்டுகளைச் சட்டம் குடும்பத்துக்காக ஒதுக்கி வைத்திருந்தது. 1879-இல் 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' புதுப்பிக்கப்பட்டபோதுதான் ஃபாஸ்டரின் பெயர் அதன் முகப்பில் ஏறியது. ஜேனும் மேரியனும் இந்த வழியில் 4,199 டாலர் பெற்றனர். பதினொரு ஆண்டு உழைப்பில் ஃபாஸ்டர் பெற்ற உரிமைத்தொகை 15,091 டாலர். இரண்டையும் கூட்டினால் 19,290 டாலர். இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதிய ஒருவரின் படைப்புகள் அவர் குடும்பத்துக்கு ஈட்டித் தந்ததாகக் கணக்கில் உள்ள உரிமைத்தொகை இவ்வளவே.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாடலாசிரியரே விற்றுவிட்ட எதிர்காலத்தின் ஒரு பகுதியை அவர் குடும்பத்துக்கு மீட்டுக் கொடுத்தது யாருடைய கருணையும் அன்று. சட்டத்தின் ஒரு பிரிவு. விற்க முடியாத ஓர் உரிமை இருந்ததால்தான் அது விற்கப்படாமல் எஞ்சியது.

ஃபாஸ்டருக்குப் பின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1897-இல் அமெரிக்கச் சட்டம் இசைப் படைப்பைப் பொதுவெளியில் இசைக்கும் உரிமையைப் படைப்பாளிக்கு அளித்தது. 1909-இல் இசைத்தட்டு போன்ற கருவிப் பதிவுகளுக்கும் உரிமைத்தொகை வந்தது. ஒரு பதிவுக்கு இரண்டு சென்ட். ஃபாஸ்டர் 1849-இல் கேட்டுப் பெற்ற அதே இரண்டு சென்ட்! 1914-இல் 'ஆஸ்காப்' என்ற படைப்பாளிகள் சங்கம் நியூயார்க்கில் தோன்றியது. விக்டர் ஹெர்பர்ட் என்ற இசையமைப்பாளர் உணவகம் ஒன்றின்மீது தொடுத்த வழக்கில், இசைக்கெனத் தனிக் கட்டணம் வசூலிக்காவிட்டாலும் அது வணிகப் பயன்பாடே என்று 1917-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த வரலாற்றில் ஃபாஸ்டர் மீண்டும் ஒருமுறை தலைகாட்டுகிறார். 1941-இல் கட்டண உயர்வை எதிர்த்து அமெரிக்க வானொலி நிலையங்கள் 'ஆஸ்காப்' உறுப்பினர்களின் பாடல்களை ஒலிபரப்ப மறுத்தன. பல மாதங்கள், பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய பாடல்களையே நாடின. அப்போது திரும்பத் திரும்ப ஒலித்தவற்றுள் முதன்மையானது 'ஜீனி வித் தி லைட் பிரவுன் ஹேர்'. எழுதியவருக்கு 1857 வரை 217 டாலர் மட்டுமே ஈட்டிய அந்தப் பாடல், இன்றைய பாடலாசிரியர்களுக்குப் பணம் தராமல் இருப்பதற்கான கருவியாக ஆனது.

இதை நாம் ஏன் நினைவுகூர வேண்டும்? ஃபாஸ்டர் தம் எதிர்காலத்தை விற்று சரியாக நூறாண்டுகள் கழித்து, 1957-இல், இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. திரைப்படத்துக்காகத் தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுதச் செய்த பாடலின் உரிமை, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் தயாரிப்பாளருக்கே உரியது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்துக்கு விளக்கம் அளித்தது. 1969-இல் மும்பையில் தொடங்கப்பட்ட 'ஐ.பி.ஆர்.எஸ்.' என்ற சங்கம் இருந்தும், திரைப்பாடல் எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே தொகையோடு நின்றுவிட நேர்ந்தது. பாடல் அரை நூற்றாண்டு ஒலித்தாலும் எழுதிய கைக்குக் கிடைத்தது முதல் நாள் கூலி மட்டுமே.

2012-இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம் இந்த நிலையை மாற்றியது. மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காக வலுவாக வாதாடினார். திரைப்பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும், திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பதைத் தவிர்த்த பிற பயன்பாடுகள் அனைத்திலும், உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. சட்டப்படியான வாரிசுகளுக்கோ, பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றித் தரலாம். அதற்கு முரணான ஒப்பந்தம் செல்லாது. அதாவது, 1857-இல் ஃபாஸ்டர் போட்ட கையெழுத்தைப் போன்ற ஒன்றை இன்று இந்தியத் திரைப்பாடலாசிரியர் போட்டாலும் அது அவரைக் கட்டுப்படுத்தாது. படைப்பாளியின் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கிறது.

ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தில் சட்டம் தலையிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. படத்துக்கு முதலீடு செய்து, தோல்வியின் இழப்பையும் தாங்கும் தயாரிப்பாளருக்கு உரிமை முழுவதும் வேண்டாமா என்பது அவர்களின் வாதம். அது புறக்கணிக்கத்தக்க வாதம் அன்று. ஆனால், தயாரிப்பாளரின் உரிமையைச் சட்டம் பறிக்கவில்லை. வெற்றி பெற்ற பாடலின் வருவாயில் ஒரு பங்கை மட்டுமே ஒதுக்கி வைக்கிறது. பாடல் ஈட்டாவிட்டால் பங்கும் இல்லை. வாய்ப்புக்காகக் காத்திருக்கும் இளம் பாடலாசிரியரிடம் நீட்டப்படும் ஒப்பந்தத்தில் சுதந்திரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஃபாஸ்டரின் வாழ்வே சொல்கிறது.

எனினும், சட்டம் இருப்பதாலேயே பணம் வீடு தேடி வந்துவிடாது. சங்கத்தில் உறுப்பினராகாதவருக்காகச் சங்கம் வசூலிப்பதில்லை. எழுதிய பாடல் ஒவ்வொன்றையும் உரிய விவரங்களோடு பதிவு செய்யாவிட்டால், வானொலியும் தொலைக்காட்சியும் இணையத் தளங்களும் செலுத்தும் தொகை உரியவரை அடையாது. பாடலின் விவரக் குறிப்பில் எழுதியவர் பெயர் விடுபடுவது இன்று வெறும் புகழ் சார்ந்த இழப்பு அன்று. நேரடியான பண இழப்பு. 15 டாலருக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு ஃபாஸ்டர் பட்ட மனவேதனை, இணையத்தில் பாடகரின் பெயரும் நடிகரின் பெயரும் மட்டுமே ஒளிரும் இக்காலத்தில் புதிய வடிவில் தொடர்கிறது.

திரைக்கு வெளியே தனிப்பாடல் எழுதுவோர் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டும். அச்சு, மேடை, ஒலிப்பதிவு, ஒலிபரப்பு, இணையம், விளம்பரம் என ஒரு பாடலுக்கு இன்று பல வருவாய் வழிகள் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே வரியில், காலவரம்பின்றி எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், எந்த வழிக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்த நாட்டுக்கு என்று பிரித்துக் கேட்பது பேராசை ஆகாது. ஃபாஸ்டரைப் போலக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். விற்பதற்காக அன்று, உரியதைக் கேட்டுப் பெறுவதற்காக.

பாடலை நேசிக்கும் சமூகத்துக்கும் இதில் பங்கு உண்டு. திருமண மண்டபத்திலும் தங்கும் விடுதியிலும் வணிக வளாகத்திலும் ஒலிக்கும் இசைக்குக் கட்டணம் கேட்டால் அதை வீண் தொல்லை என்று எண்ணும் மனநிலை நம்மிடையே பரவலாக உள்ளது. மின்சாரத்துக்கும் அலங்காரத்துக்கும் விலை உண்டு என்று ஏற்பவர்கள், பாட்டுக்கும் விலை உண்டு என்று ஏற்பதே முறை. வசூலிக்கும் சங்கங்களும் யாரிடம் எவ்வளவு பெற்றோம், யாருக்கு எவ்வளவு பகிர்ந்தோம் என்பதை உறுப்பினர்கள் எளிதில் சரிபார்க்கும் வகையில் வெளிப்படையாக வைக்க வேண்டும்.

ஃபாஸ்டரின் பிறந்த ஊரில் இன்று அவர் பெயரில் நினைவகமும் ஆவணக் காப்பகமும் உள்ளன; 1940-இல் நியூயார்க்கின் புகழ்மிகு அமெரிக்கர் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் இசைக்கலைஞரும் அவரே. மறைந்த பாடலாசிரியருக்கு மண்டபம் கட்டுவது எளிது. நம்மிடமும் சிலைகளுக்குக் குறைவில்லை. வாழும் பாடலாசிரியரின் வங்கிக் கணக்கில், அவர் பாடல் ஒலித்த மாதங்களில் உரிய தொகை வந்து சேரச் செய்வதே நாம் செய்ய வேண்டிய முதல் மரியாதை.